கொல்லைக் கதவும் மொட்டை மாடிக் கதவும் மாற்ற வேண்டும்: நாமே மாட்டலாமா, ஆசாரியிடம் விடலாமா?

கொல்லைத்தென்னை · மயிலாடுதுறை

எல்லோருக்கும் வணக்கம். அப்பா 1994இல் கட்டிய வீடு, செங்கல் சுவர், மேலே காங்கிரீட் தளம். வெளிக்கதவு மூன்று. முன்வாசல் தேக்கு, அதில் பெரிய குறை ஒன்றும் இல்லை, மழைக்காலத்தில் மட்டும் கொஞ்சம் பிடிக்கும். கொல்லைக் கதவு பலகைக் கதவு, கீழே ஒரு சாண் உயரத்துக்கு உளுத்துப்போய் விரலால் அழுத்தினாலே உள்ளே போகிறது. மொட்டை மாடிக் கதவு ஃப்ளஷ் டோர் (இரு பக்கமும் பிளைவுட் ஒட்டிய மட்டமான கதவு), வெளிப்பக்கம் தகரம் அடித்தது. போன வாரம் தகரத்தின் ஓரத்தை நெம்பிப் பார்த்தேன், பின்னால் இருக்கும் பிளைவுட் ஈரத்தில் ஊறி ஏடு ஏடாகப் பிரிந்து வருகிறது. இந்த இரண்டையும் ஐப்பசி அடைமழைக்கு முன்னால் மாற்றியாக வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு வழக்கமாக வரும் ஆசாரி வயதாகி வேலையை விட்டுவிட்டார். வேறு இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒருவர், இரண்டையும் நிலையோடு பெயர்த்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர், கதவை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார், ஆனால் கார்த்திகைக்குப் பிறகுதான் வர முடியுமாம். இருவர் சொன்ன தொகைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

இதற்கிடையில் யூடியூபில் நிறைய பார்த்தேன். வெளிநாட்டில் ஒருவர் தனியாளாகப் பழைய கதவை நிலையோடு கழற்றிப் போட்டுவிட்டு, புதியதை நிறுத்தி, ஓரத்தில் நுரை அடித்து, மத்தியானத்துக்குள் முடித்துவிடுகிறார். என்னிடம் ட்ரில் மிஷின், உளி, ரசமட்டம் எல்லாம் இருக்கிறது, அலமாரியும் ஷெல்ஃபும் நானே செய்து பழக்கம். வெளிக்கதவையும் நாமே மாட்டிவிடலாமா? செய்து பார்த்தவர்கள், செய்யக் கூடாது என்பவர்கள், இரு தரப்பும் சொல்லுங்கள்.


வலம்புரி · தூத்துக்குடி

தம்பி, உள் அறைக் கதவு என்றால் நானே உங்களைச் செய்யச் சொல்வேன். வெளிக்கதவு வேறு. அது வெயில், மழை, திருட்டு மூன்றையும் தாங்க வேண்டும். ஃப்ளஷ் டோர் ஒன்று 7 அடிக்கு 3 அடி, 35 மி.மீ. கனம் என்றால் 30 கிலோவுக்கு மேல் வரும், மொட்டை மாடி என்றால் அதைப் படிக்கட்டில் ஏற்றித் திருப்ப வேண்டும், பிறகு ஒருவர் தூக்கிப் பிடித்திருக்க இன்னொருவர் திருகு முடுக்க வேண்டும். முதுகு பிடித்துக்கொண்டால் ஆசாரி கூலியை விட மருத்துவமனைச் செலவு அதிகம். கார்த்திகை ஆனாலும் பரவாயில்லை, தெரிந்த கையில் கொடுங்கள் என்பதுதான் என் பேச்சு.


ரசமட்டம் · கோயம்புத்தூர்

சிவில் படித்துவிட்டுக் கட்டட வேலையிலேயே இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். "நாமே செய்வதா, ஆள் வைப்பதா" என்று மொத்தமாகக் கேட்டால் சரியான பதில் கிடைக்காது. கதவை வேறு, நிலையை வேறு என்று பிரித்துக் கேளுங்கள். நிலை நன்றாக இருந்தால் கதவை மாட்டுவது கைப்பழக்கம் உள்ள யாரும் செய்யக்கூடிய வேலை. நிலையைப் பெயர்க்க வேண்டும் என்றால் அது தச்சு வேலை மட்டுமல்ல, கொத்தனார் வேலையும் சேர்ந்தது, அதில் நீங்கள் இறங்க வேண்டாம். உங்களிடம் வந்த இருவருக்கும் விலையில் அவ்வளவு வித்தியாசம் வரக் காரணமும் இதுதான், ஒருவர் நிலையையும் சேர்த்துச் சொல்கிறார், இன்னொருவர் கதவுக்கு மட்டும் சொல்கிறார்.

அதனால் முதலில் நிலையைப் பாருங்கள். ஒரு கூர்மையான ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு நிலைக்கால்கள் தரையைத் தொடும் இடத்தில் நாலா பக்கமும் குத்துங்கள். முனை கால் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அங்கே மரம் போய்விட்டது என்று அர்த்தம். கரையான் இருந்தால் சுத்தியல் காம்பால் தட்டும்போது பொந்துச் சத்தம் கேட்கும், மேலே பெயின்ட் மட்டும் தோல் மாதிரி நிற்கும். அடுத்து, டேப்பை எடுத்து நிலையின் உள் மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாகவோ நாலைந்து மி.மீ. வித்தியாசத்துக்குள்ளோ இருந்தால் நிலை கோணவில்லை. பிறகு கீல் இருக்கும் பக்கத்து நிலைக்காலில் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். அந்தக் கால் சாய்ந்திருந்தால் கதவு தானாகவே திறந்துகொள்ளும், இல்லை தானாகச் சாத்திக்கொள்ளும், எவ்வளவு நல்ல கதவு போட்டாலும் அது தீராது. கடைசியாக நிலையைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஹோல்டு ஃபாஸ்ட், அதாவது நிலையைச் சுவரோடு பிடித்திருக்கும் இரும்புக் கொக்கி, துருப்பிடித்துப் பிடி விட்டிருந்தால் அசைவு தெரியும், சுவருக்கும் நிலைக்கும் நடுவில் பூச்சு வெடித்திருக்கும்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள், அப்புறம் பேசுவோம்.


ஸ்கார்பரோக்காரன் · டொராண்டோ

அந்த யூடியூப் விஷயத்துக்கு மட்டும் நான் பதில் சொல்றேன், ஏனெண்டால் இங்க என்ர வீட்டு முன்கதவை நான்தான் மாத்தினனான். இங்க வெளிக்கதவு நிலையும் கீலும் படியும் சேர்த்து ஒரே தொகுதியாகக் கடையிலேயே விக்குது. சுவர் மரச்சட்டத்தால ஆனது, கதவை விட இரண்டு அங்குலம் அகலமாக ஒரு வாய் விட்டிருப்பினம். பழையதின்ர ஆணிகளை அறுத்தால் முழுசாக வெளியில வந்திடும். புதியதை வைச்சு, பக்கத்தில மெல்லிய ஆப்புகளைச் செருகி நேராக்கி, நீளத் திருகால சுவர்ச்சட்டத்தோட இறுக்கி, மிச்ச இடைவெளிக்கு நுரை அடிக்கிறது. அதிலயும் கதவு நிலைக்கெண்டு விக்கிற மெதுவாக உப்புற நுரைதான் அடிக்க வேணும், சாதாரண நுரை உப்பி நிலையை உள்ளுக்குத் தள்ளினால் கதவு சாத்துப்படாது. குளிர் காத்து உள்ள வராமல் தடுக்கிறதுதான் இங்க முக்கிய வேலை.

உங்கட சுவர் செங்கல். நிலையைக் கட்டேக்கையே இரும்புக் கொக்கி வைச்சு சீமெந்துக்குள்ள புதைச்சிருப்பினம். அதைப் பிடுங்கினால் சுவரும் சேர்ந்து வரும். யாழ்ப்பாணத்தில எங்கட அம்மம்மா வீட்டு வேப்பமர நிலை ஒண்டைக் கழற்ற தச்சு வேலை செய்யிற ஓடாவியும் மேசனும் சேர்ந்துதான் நிண்டவை. அதாலே அந்த வீடியோக்களைப் பார்த்து நிலையில கை வைக்க வேண்டாம்.


கொல்லைத்தென்னை · மயிலாடுதுறை

நன்றி அண்ணா, வீடியோவில் பார்ப்பதும் நம் ஊர்ச் சுவரும் வேறு என்பது இப்போதுதான் தெளிவாகப் புரிகிறது.

ரசமட்டம் சார், நீங்கள் சொன்னபடியே பார்த்தேன். மொட்டை மாடி நிலை வேங்கை, எங்கே குத்தினாலும் ஸ்க்ரூ டிரைவர் இறங்கவில்லை. குறுக்களவு இரண்டுக்கும் 3 மி.மீ. தான் வித்தியாசம், குண்டு விட்டாலும் நேராக இருக்கிறது. கொல்லை நிலையில் ஒரு கால் நன்றாக இருக்கிறது. துணி துவைக்கும் கல் இருக்கும் பக்கத்துக் கால் மட்டும் கீழே ஏழெட்டு அங்குலத்துக்குப் பஞ்சு மாதிரி இருக்கிறது, மேலே கல் போல நிற்கிறது. அசைவு எதுவும் இல்லை.


உளிச்சத்தம் · திருச்சி

தாத்தா காலத்திலிருந்து எங்கள் குடும்பத்துக்கு இதுதான் தொழில். ஆசாரியைக் கூப்பிடாதே என்று சொன்னால் எங்கள் பிழைப்பு என்ன ஆகும் என்று கேட்பார்கள், இருந்தாலும் உள்ளதைச் சொல்கிறேன். மாடிக் கதவை நீங்களே மாட்டலாம். துணைக்கு ஒரு ஆள் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், தனியாகச் செய்ய வேண்டாம். கொல்லைக் கதவுக்கு அந்த நிலைக்காலை ஒரு தச்சர் பார்க்கட்டும், அதைப் பிறகு சொல்கிறேன்.

கதவு வாங்கும்போது பழைய கதவை அளந்துகொண்டு கடைக்குப் போகாதீர்கள். முப்பது வருடத்தில் அதை எத்தனை முறை இழைத்திருப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. நிலையின் காடியை அளக்க வேண்டும், அதாவது கதவு போய் உட்காரும் பள்ளத்தை. அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளந்து அதில் சிறியதை எடுங்கள். உயரத்தை இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். அந்த அளவிலிருந்து மேலே 3 மி.மீ., இரு பக்கமும் 3, 3 மி.மீ., கீழே 5, 6 மி.மீ. கழித்தால் வருவதுதான் கதவின் அளவு. ஃப்ளஷ் டோர் 78, 81, 84 அங்குலம் என்று ரெடியாக வரும், அதில் நம் அளவுக்குக் கொஞ்சம் பெரியதை எடுத்துச் சீவிக்கொள்ள வேண்டும். ஆனால் உள்ளே ஓரச்சட்டம் எவ்வளவு அகலமோ அதற்குள்தான் சீவ முடியும், அதைத் தாண்டினால் ஓரத்தில் பிடிப்பே இருக்காது, கீல் திருகு நிற்காது. முடிந்தால் கடைக்காரரிடமே அளவு கொடுத்து அறுத்து வாங்குங்கள்.

3 மி.மீ. இடைவெளியை எப்படிப் பிடிப்பது என்று கேட்பீர்கள். நாங்கள் மைக்கா துண்டுதான் வைப்போம். ஒரு மைக்கா ஏறக்குறைய 1 மி.மீ. கனம், மூன்றை அடுக்கி டேப் சுற்றினால் முடிந்தது. அதை மேலே இரண்டு இடம், பக்கத்துக்கு இரண்டு இடம் செருகி, கீழே ஆப்பு வைத்து ஏற்றினால் கதவு தானாகவே நடுவில் நின்றுவிடும். அப்படி நிற்கும்போதே நிலையில் பழைய கீல் இருக்கும் இடத்தைக் கதவின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பழைய கீல் பள்ளம் நல்ல நிலையில் இருந்தால் அதையே பயன்படுத்துவது நல்லது, புதிதாகப் பக்கத்தில் வெட்டினால் நிலை பலவீனமாகும்.

கீல் உட்காரும் பள்ளம், கீல் தகட்டின் கனம் எவ்வளவோ அவ்வளவுதான் இருக்க வேண்டும், கூடக் குறைய இருக்கக் கூடாது. ஆழம் கூடிவிட்டால் கதவு சாத்தும்போது கீல் பக்கம் முட்டிக்கொண்டு, கையை எடுத்தால் திரும்ப விரியும். அப்போது கதவின் மறு பக்கத்தைப் போட்டு இழைப்பவர்கள் இருக்கிறார்கள், அது தவறு. கீலுக்குப் பின்னால் ஒரு அட்டைத் துண்டு கொடுத்தாலே சரியாகிவிடும். திருகு எல்லாவற்றையும் ஒரேயடியாக முடுக்க வேண்டாம். மேல் கீலில் ஒன்று, கீழ்க் கீலில் ஒன்று போட்டுச் சாத்தித் திறந்து பார்த்துவிட்டு மற்றதைப் போடுங்கள். நிலையில் பழைய திருகு ஓட்டை லூசாக இருந்தால், மூங்கில் குச்சியில் ஃபெவிகால் தடவி அடித்து, காய்ந்ததும் சீவிவிட்டு அதிலேயே திருகு போடலாம். வெளிக்கதவுக்கு 4 அங்குலத்துக்குக் குறையாத கீல், குறைந்தது மூன்று, கனமான கதவென்றால் 5 அங்குலத்தில் நாலு. துருப்பிடிக்காத எஃகு, எஸ்.எஸ். 304 என்று கேட்டு வாங்குங்கள்.

இனி நான் சொல்வதுதான் இந்த வேலையிலேயே முக்கியம், இதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. கதவை மாட்டுவதற்கு முன்னால் அதன் அடி விளிம்புக்கும் தலை விளிம்புக்கும் பெயின்ட் அடிக்க வேண்டும். முன் பக்கம், பின் பக்கம் பளபளவென்று அடித்திருப்பார்கள், குனிந்து ஒரு கண்ணாடியை அடியில் வைத்துப் பார்த்தால் பெயின்ட் படாத மரம் அப்படியே தெரியும். தண்ணீர் ஏறுவது அந்த வழியாகத்தான். மரத்தின் நார் வெட்டுப்பட்ட முனை அங்கே திறந்திருப்பதால், தரையில் தெறிக்கும் ஈரத்தை அது உறிஞ்சி மேலே கொண்டு போகும். உங்கள் மாடிக் கதவு ஏடு ஏடாகப் பிரிந்ததும் கொல்லைக் கதவு கீழே உளுத்ததும் இதனால்தான் என்று நான் பார்க்காமலே சொல்வேன். அளவு பார்த்து, சீவி, கீல் வெட்டி, ஒரு முறை மாட்டிப் பார்த்து, பிறகு கழற்றி முன், பின், நாலு விளிம்பு என ஆறு பக்கத்துக்கும் பிரைமரும் இரண்டு கோட் எனாமலும் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். கூலிக்குச் செய்பவர்கள் இந்தக் கழற்றி மாட்டுவதற்கு ஒரு நாள் ஆகும் என்று விட்டுவிடுகிறார்கள். சொந்த வீட்டுக்குத் தானே செய்பவருக்கு அந்த ஒரு நாள் இருக்கிறது, அங்கேதான் நீங்கள் எங்களை விட நன்றாகச் செய்துவிட முடியும்.


வலம்புரி · தூத்துக்குடி

உளிச்சத்தம் ஐயா சொன்ன விளிம்பு விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. எங்கள் ஊர் உப்புக்காற்றில் இரண்டே வருடத்தில் தெரிந்துவிடும். அப்படியென்றால் என் பேச்சைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன், நிலை நன்றாக இருக்கும் மாடிக் கதவைத் தம்பி மாட்டட்டும். ஆனால் மொட்டை மாடிக்கு மறுபடியும் மரமும் பிளைவுட்டும் ஏன்? மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி., இரும்பு என்று எவ்வளவோ வந்துவிட்டதே.


மாடித்தோட்டம் · முடிச்சூர், சென்னை

இதற்கு நான் சொல்லலாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் பகுதியில் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர். வடிந்த பிறகு தெருவில் எந்த வீட்டுக் கதவைப் பார்த்தாலும் ஒரே கதைதான். பலகைத் தேக்குக் கதவுகள் உப்பிப் பிடித்துக்கொண்டன, காய்ந்ததும் பழையபடி வந்துவிட்டன. மலிவு ஃப்ளஷ் டோர்கள் எல்லாம் தோல் உரிந்து குப்பைக்குப் போயின. ஃப்ளஷ் டோரிலேயே தண்ணீர் தாங்கும் பசை போட்டது வேறு, சாதாரணப் பசை போட்டது வேறு. ஃப்ளஷ் டோருக்கான ஐ.எஸ். 2202 தர முத்திரையும், கொதிநீரும் தாங்கும் பசை என்பதைக் குறிக்கும் பி.டபிள்யூ.பி. என்ற எழுத்தும் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும், கடையில் வாயால் "வாட்டர் ப்ரூஃப்தான் மேடம்" என்று சொல்வதை நம்பி வாங்கக் கூடாது.

டபிள்யூ.பி.சி. நாங்கள் பாத்ரூமுக்கும் கொல்லைக்கும் போட்டோம், கரையானும் வராது, தண்ணீரிலும் ஊறாது, அதில் எனக்குத் திருப்திதான். ஆனால் நாள் முழுக்க வெயில் விழும் மொட்டை மாடியில், அதுவும் மேற்குப் பார்த்த கதவில், கறுப்பு, காப்பிக்கொட்டை நிறம் எல்லாம் போட்டால் சூட்டில் விரிந்து வளைகிற வாய்ப்பு உண்டு. பக்கத்து வீட்டில் வெயில் காலத்தில் மத்தியானம் சாத்த முடியாது, காலையில் தாராளமாகச் சாத்தும். வெளிர் நிறமும் கொஞ்சம் கூடுதல் இடைவெளியும் விட்டால் சமாளிக்கலாம். இன்னொன்று, இதில் திருகு போடும் முன் சின்ன ஓட்டை போட்டே ஆக வேண்டும், ஒரே ஓட்டையில் திரும்பத் திரும்பக் கழற்றி மாட்டினால் பிடிப்பு போய்விடும். புதிதாகச் செய்பவர்களுக்கு மரம்தான் மன்னிக்கும், இது மன்னிக்காது.

இரும்புக் கதவு நிலையோடு சேர்ந்து வரும். அதைச் சீவவும் முடியாது, இழைக்கவும் முடியாது. உங்கள் வேங்கை நிலை நன்றாக இருக்கும்போது அதைப் பெயர்த்துவிட்டு இரும்பு வைப்பது வீண் செலவு என்றுதான் நினைக்கிறேன். கடலோரமாக இருந்தால் துருவும் சேர்ந்துகொள்ளும்.

அக்காவாக ஒன்று மட்டும் சொல்கிறேன். கதவை மாற்றுவதற்கு முன்னால் மழையில் ஒரு நாள் மாடிக்குப் போய்த் தண்ணீர் எங்கிருந்து வந்து அந்தக் கதவில் படுகிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் படிக்கட்டு அறையின் சன்ஷேடு சின்னது, சாரல் நேராகக் கதவில் அடிக்கும். மேலே கொஞ்சம் நீளமான ஷீட் இறக்கிவிட்டு, வாசலில் தரையை விட நாலு அங்குலம் உயரமாகக் கட்டு எழுப்பி, மாடிப் பக்கம் சரிவு கொடுத்த பிறகுதான் கதவு பிழைத்தது.


கொல்லைத்தென்னை · மயிலாடுதுறை

அக்கா, எங்கள் மாடியிலும் அதேதான். நேற்றுச் சாயங்காலம் ஒரு மழை, நின்று பார்த்தேன். சன்ஷேடு ஒன்றரை அடிதான், தெற்கிலிருந்து காற்று அடித்தால் கதவின் கீழ்ப்பாதி முழுக்க நனைகிறது. கட்டு இருக்கிறது, ஆனால் சரிவு உள்பக்கமாக இருக்கிறது.

அந்தத் தகரத்தைப் பற்றியும் ஒரு சந்தேகம். எங்கள் தெருவில் எல்லா மாடிக் கதவிலும் தகரம் அடித்திருக்கிறார்கள். புதுக் கதவிலும் அடிக்கலாமா?


உளிச்சத்தம் · திருச்சி

அடிக்கலாம், எப்படி அடிக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. தகரத்தை நேராகக் கதவின் மேல் வைத்து ஆணி அடித்தால் ஒவ்வொரு ஆணி ஓட்டை வழியாகவும், மேல் விளிம்பு வழியாகவும் தண்ணீர் உள்ளே போகும், உள்ளே போனது காயவே காயாது. தகரம் இல்லாத கதவாவது வெயிலில் காய்ந்துவிடும். கதவு முழுவதற்கும் முதலில் பெயின்ட் அடித்துவிட்டு, பிறகு அலுமினியத் தகட்டை முழு உயரத்துக்கும் ஒரே துண்டாகப் போட்டு, மேல் விளிம்பைக் கதவின் தலைக்கு மேல் மடக்கி, பக்க விளிம்பில் சிலிக்கான் ஓட்டி, கீழ் விளிம்பை மட்டும் அடைக்காமல் விட்டால் புகுந்த ஈரம் கீழே வழிந்துவிடும். அதோடு கதவின் வெளிப்பக்கம் கீழே ஒரு சரிவுச் சட்டம் வைத்துவிடுங்கள். மேலே வழியும் தண்ணீர் கட்டுக்கு வெளியே போய் விழும்.


ரசமட்டம் · கோயம்புத்தூர்

கட்டின் சரிவைத் திருத்துவது சின்னக் கொத்தனார் வேலை, கதவு மாட்டுவதற்கு முன்னால் முடித்துவிடுங்கள், பிறகு செய்தால் கதவின் அடியில் சிமெண்ட் உரசும். உயரம் அளப்பதும் அந்தப் பூச்சு முடிந்த பிறகுதான்.

கொல்லை நிலைக்கு வருவோம். நான் சொல்லப் போவது எல்லோரும் கவனிக்க வேண்டியது. உங்கள் வீடு 1994இல் காங்கிரீட் தளம் போட்டுக் கட்டியது, வாசலுக்கு மேல் குறுக்கே சுவரைத் தாங்கும் லிண்டல் இருக்கும், அப்படி இருந்தால் நிலை சுவரைத் தாங்கவில்லை, அது பாதுகாப்பான விஷயம். ஆனால் இதைப் படிக்கும் சிலர் பழைய ஓட்டு வீட்டிலோ மண் சுவர், சுண்ணாம்புச் சுவர் வீட்டிலோ இருக்கலாம். அந்த மாதிரி வீடுகளில் சில இடத்தில் வாசலுக்கு மேல் லிண்டலே இருக்காது, மேலே இருக்கும் சுவரின் பாரம் மரக்கட்டையிலும் நிலையிலும்தான் இறங்கும். தெரியாமல் நிலையை அறுத்தால் மேலே இருக்கும் சுவர் தலையில் விழும். அங்கே முட்டுக் கொடுக்காமல் யாரும் கை வைக்கக் கூடாது, அனுபவம் உள்ளவரைத்தான் கூப்பிட வேண்டும். பணம் மிச்சம் பிடிக்கும் இடம் அது அல்ல.

இன்னொன்று, நிலையை ஒட்டிச் சுவருக்குள் காலிங் பெல், லைட் சுவிட்ச் பைப் போகிறதா என்று பார்க்காமல் கிரைண்டர் வைக்காதீர்கள்.


கொல்லைத்தென்னை · மயிலாடுதுறை

அப்படியென்றால் அந்த ஒரு கால் மட்டும் உளுத்திருப்பதற்கு முழு நிலையையும் பெயர்க்கத்தான் வேண்டுமா? முதலில் வந்தவர் அதைத்தான் சொன்னார்.


உளிச்சத்தம் · திருச்சி

வேண்டியதில்லை. மேலே மரம் கல் போல இருக்கிறது என்கிறீர்கள், அசைவும் இல்லை. உளுத்ததற்கு மேலே இன்னும் நாலு அங்குலம் நல்ல மரம் வரை சாய்வாக அறுத்து, அதே சாய்வில் புதுத் துண்டை ஒட்டி, பசையும் நீளத் திருகும் போட்டுச் சேர்த்துவிடலாம். காடியும் அதே நேர்கோட்டில் வரும்படி வெட்ட வேண்டும், அதற்குத்தான் பழகிய கை வேண்டும் என்பது. அந்தப் புதுத் துண்டைத் தரைக்குள் இறக்கக் கூடாது. கீழே ஒரு கருங்கல் துண்டு வைத்து அதன் மேல் உட்கார வைத்தால் மறுபடி ஈரம் ஏறாது. ஒட்டுப் போடுமுன் சுவரிலும் பழைய மரத்திலும் கரையான் மருந்து அடித்துவிட வேண்டும். ஒரு நல்ல தச்சருக்கு அரை நாள் வேலை. முழு நிலையையும் எடுக்கச் சொன்னவர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல மாட்டேன், ஒட்டு வேலைக்குப் பொறுமை வேண்டும், புதிது வைப்பது அவருக்குச் சுலபம், அவ்வளவுதான்.

கொல்லைப் பக்கம் தண்ணீர் புழக்கம் அதிகம் என்றால், பின்னொரு நாள் முழுசாக மாற்றும்போது சிமெண்ட் நிலையோ கருங்கல் நிலையோ யோசிக்கலாம். சிமெண்ட் நிலையில் கீல் மாட்ட உள்ளே மரக்கட்டை புதைத்திருப்பார்கள், வாங்கும்போது அது நன்றாக இறுகியிருக்கிறதா என்று பாருங்கள்.


வலம்புரி · தூத்துக்குடி

ஆள் வைக்கும்போது வாய்ப்பேச்சில் விடாதீர்கள் தம்பி. எங்கள் வீட்டு வேலைக்கு ஒருவர் வந்தார், தேக்கு என்று பேசி, வந்து சேர்ந்தது வேறு மரம், பாலிஷ் அடித்த பிறகு யாருக்குத் தெரியும். ஒரு வெள்ளைத்தாளில் எழுதிவிடுங்கள்: என்ன மரம், என்ன கனம், கீலும் பூட்டும் எந்த வகை, யார் வாங்குவது, விளிம்புக்கெல்லாம் பெயின்ட் அடித்துத்தான் மாட்ட வேண்டும், உடைந்த பூச்சை யார் சரி செய்வது. மரத்தைப் பாலிஷுக்கு முன்னால் பார்த்துவிடுங்கள். கூலியில் ஒரு பகுதியைத் தை மாதம் வரை நிறுத்தி வைத்து, மழை முடிந்ததும் வந்து ஒரு முறை பார்த்துக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று முதலிலேயே பேசிவிடலாம். நல்ல தொழிலாளி இதற்கு ஒப்புக்கொள்வார். அதே நேரம் பேசிய கூலியைக் கடைசியில் குறைக்காதீர்கள், காப்பி, சாப்பாடு கொடுத்து நடத்துங்கள், அடுத்த முறை கூப்பிட்டால் வருவார்.


ரசமட்டம் · கோயம்புத்தூர்

தை என்றதும் நினைவு வந்தது. முன்வாசல் மழைக்காலத்தில் பிடிக்கிறது என்றீர்களே, அதை ஐப்பசியிலோ கார்த்திகையிலோ இழைக்க விடாதீர்கள். அது ஈரத்தில் உப்பியிருக்கும் நேரம். அப்போது இழைத்தால் பங்குனி, சித்திரையில் காய்ந்து சுருங்கி விரல் நுழையும் அளவுக்குச் சந்து விழும், பூட்டின் நாக்கு எட்டாது. மாசி வரை பொறுத்து, அப்போதும் பிடித்தால் பிடிக்கிற இடத்தில் மட்டும் லேசாக எடுத்து, எடுத்த இடத்துக்கு உடனே பாலிஷ் அடித்துவிட வேண்டும். அதற்கு முன்னால் கீல் திருகுகளை ஒரு முறை முடுக்கிப் பாருங்கள், மேல் கீல் தளர்ந்து கதவு தொங்குவதால் கீழே உரசுவதும் உண்டு.

முன்வாசல் நிலையை என்றைக்காவது மாற்ற நேர்ந்தால் அதை மட்டும் முழுக்க ஆளிடம் விட்டுவிடுங்கள். 50 கிலோவை நெருங்கும் தேக்குக் கதவு அது. நாள் பார்த்து, நவதானியம் போட்டு, வீட்டுப் பெரியவர்கள் நின்று செய்கிற காரியமும் கூட. உங்கள் அப்பா வைத்த நிலை, அவர் இருக்கும்போதே அவரைக் கேட்டுச் செய்யுங்கள்.


மாடித்தோட்டம் · முடிச்சூர், சென்னை

மாடிக் கதவின் தாழ்ப்பாளைப் பற்றி யாரும் பேசவில்லையே. முன்வாசலுக்கு ஆயிரக்கணக்கில் பூட்டு வாங்கிப் போட்டுவிட்டு, மாடியில் ஒரு சின்ன டவர் போல்ட்டை அரை அங்குலத் திருகில் தொங்க விடுகிறார்கள். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து எட்டி வருபவனுக்கு அது ஒரு உதையில் போய்விடும்.


உளிச்சத்தம் · திருச்சி

சரியாகச் சொன்னீர்கள் அம்மா. தாழ்ப்பாள் எவ்வளவு கனமாக இருந்தாலும் அதைப் பிடித்திருக்கும் திருகு எவ்வளவோ அவ்வளவுதான் அதன் பலம். மாடிக் கதவுக்கு உள்பக்கம் ஆல்ட்ராப் (தடித்த கம்பித் தாழ்ப்பாள்) போட்டு, திருகுக்குப் பதில் கதவை முழுக்கத் துளைத்து நட்டு போல்ட் கொடுங்கள், வெளிப்பக்கம் உருண்டைத் தலை, உள்பக்கம் வாஷரும் நட்டும். நிலையில் கம்பி நுழையும் இடத்துத் தகட்டுக்கு இரண்டரை அங்குலத் திருகு. உங்கள் மாடிக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது? வெளியே திறந்தால் கீலின் முள் (நடுவில் செருகியிருக்கும் கம்பி) வெளியில் இருக்கும், அதைத் தட்டி எடுத்துவிட்டுக் கதவையே கழற்றலாம்.


கொல்லைத்தென்னை · மயிலாடுதுறை

வெளியேதான் திறக்கிறது ஐயா. படிக்கட்டில் உள்ளே திறக்க இடம் இல்லை.

எல்லோரும் சொன்னதை வைத்து அப்பாவிடம் உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிட்டோம். இந்த வாரம் கொத்தனார் வந்து மாடிக் கட்டின் சரிவைத் திருப்பி, சன்ஷேடை நீட்டித் தருகிறார். அது காய்ந்ததும் நான் அளந்து, பி.டபிள்யூ.பி. ஃப்ளஷ் டோர் வாங்கி, மச்சானைத் துணைக்கு வைத்துக்கொண்டு நானே மாட்டுகிறேன், விளிம்புகள் எல்லாவற்றுக்கும் பெயின்ட் அடித்துத்தான். கொல்லை நிலைக்கு, கதவு மட்டும் போதும் என்று சொன்ன இரண்டாவது ஆசாரியிடமே மறுபடி பேசினேன். ஒட்டு வேலை செய்வீர்களா என்று கேட்டதும், முழுக் கதவு வேலைக்குத்தான் நேரமில்லை, அரை நாள் என்றால் வருகிற ஞாயிறே வருகிறேன் என்கிறார். அவர் நிலையை முடித்துக் கொடுத்தால் அந்தக் கதவையும் நான் மாட்டிவிடுவேன். முன்வாசலை மாசி வரை தொடப் போவதில்லை.

வெளியே திறக்கும் கதவுக்கு அந்த முள் விஷயத்தில் என்ன செய்வது?


உளிச்சத்தம் · திருச்சி

முள் கழற்ற முடியாதபடி இரு முனையும் அடித்து மூடிய கீல் கிடைக்கிறது, கடையில் கேளுங்கள். அது கிடைக்காவிட்டால், கீல் பக்கத்துக் கதவு விளிம்பில் இரண்டு இடத்தில் தலை அறுத்த தடித்த திருகைப் பாதி வெளியே நிற்கும்படி போட்டு, அதற்கு நேராக நிலையில் ஓட்டை போடுங்கள். கதவு சாத்தும்போது அந்த முனை நிலைக்குள் போய் உட்கார்ந்துவிடும், பிறகு கீலையே அறுத்தாலும் கதவை வெளியே இழுக்க முடியாது. ஓட்டையைத் திருகை விட ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) பெரியதாகப் போடுங்கள், மழையில் மரம் உப்பினாலும் தட்டாது.